வெள்ளையாய் நின்ற தை மாதம்

“விஜிம்மா, உங்க மண்டபத்து சைட்டுக்கு என்னமோ ஆயிடுச்சு. தொறந்தா வெள்ளையா ஒரு பக்கம் வருது. நடுவுல ஒரு வரி. அவ்வளவுதான்.”

கொரட்டூரிலிருந்து ஜமீலா டீச்சர் போனில் சொன்னபோது, விஜி வெள்ளானூர் கல்யாண மண்டபத்தின் ஆபீஸ் அறையில் மேஜை துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நெட்டு ஸ்லோவா இருக்கும் டீச்சர். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க.”

“நேத்துலேர்ந்தே அப்படித்தான். ரமலானுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை வேணும்மா, சின்னவ நிக்காஹ்வுக்கு. நேர்ல வரலாம்னா இந்த மழை வுட்டாதானே.”

“நான் பாத்துட்டுச் சொல்றேன்.”

“நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை. பெரியவளுக்கும் நீங்கதானே நாள் பாத்துக் குடுத்தீங்க.”

போனை வைத்துவிட்டு விஜி கம்ப்யூட்டரில் சைட்டைத் திறந்தாள். வெள்ளைப் பக்கம். நடுவில், ‘இந்தத் தளத்தில் கடுமையான பிழை ஏற்பட்டுள்ளது’ என்று ஒரு வரி. உள்ளே போய்த் திருத்தும் பக்கத்தைத் திறந்தால் அங்கேயும் அதே வரி.

அந்த சைட்டை எட்டு வருஷத்துக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து செய்தவள் விஜி. தபாலில் பி.காம். படித்தவள், குத்தம்பாக்கத்திலிருந்து இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தவள். மாமனார் கோவிந்தராஜ் நெல் போட்ட நிலத்தில் கட்டிய மண்டபம் அது. விஜி வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, மண்டபத்துக்கு ஒரு சைட்டும் அதில் ஒரு காலண்டரும் வைத்தாள். காலண்டர் இலவசமாகக் கிடைத்த ஒரு ப்ளகின், சைட்டில் சொருகிக்கொள்ளும் சின்ன மென்பொருள். அது எல்லா நாளையும் ஒரே மாதிரி காட்டியது. ஒரே மாதிரி நாளை வைத்துக்கொண்டு கல்யாண மண்டபத்தில் என்ன செய்வது?

ஆகவே அவள் அந்த ப்ளகினின் வயிற்றுக்குள்ளேயே கை விட்டாள். அதன் ஃபைலைத் திறந்து, தேதிக்கு ஒரு வரியாக எழுதினாள். வளர்பிறை முகூர்த்தம் மஞ்சள். தேய்பிறை முகூர்த்தம் வெளிர் மஞ்சள். நல்ல காரியத்துக்கு ஆகாத கரிநாள் கருப்பு. கருப்பு நாளை யார் அமுக்கினாலும் திறக்காது. மண்டபம் கட்டியதிலிருந்து கரிநாளில் கதவைத் திறப்பதில்லை என்பது கோவிந்தராஜ் வைத்த வழக்கம். அன்றைக்கு அண்டா குண்டாக்களைத் தேய்த்துக் கவிழ்ப்பார்கள், அவ்வளவுதான். வருஷா வருஷம் பங்குனி கடைசியில் விஜி பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, வரும் வருஷத்துக்கான வரிகளை எழுதுவாள். ‘மஞ்சள் பாத்து வந்தோம்’ என்று ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர்க்காரர்கள் சொல்லும்போது கோவிந்தராஜ், “எங்க பெரிய மருமவ பண்ணது” என்பார். அந்த வீட்டில் அவள் பண்ணியது என்று பேர் சொல்லி யாரும் காட்டிய பொருள் வேறு இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை காலண்டருக்கு அப்டேட் வந்தது. அமுக்கினாள். பழைய ஃபைலை எடுத்துவிட்டுப் புது ஃபைலை வைப்பதுதான் அப்டேட். அவள் எழுதிய வரிகள் பழைய ஃபைலோடு போய்விட்டன. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினாள். அதற்கப்புறம்தான் ஒரு வீடியோவில் ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொன்னான், ப்ளகினோட ஃபைலுக்குள்ள நேரா எழுதறவன் முட்டாள் என்று. விஜி அந்த வீடியோவை பாதியில் நிறுத்தினாள். ‘அப்டேட் பட்டனைத் தொடக்கூடாது - விஜி’ என்று ஒரு காகிதத்தில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மூன்று நாள் தெரிந்ததையெல்லாம் செய்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். மோடத்தைப் பிடுங்கிச் சொருகினாள். போனில் பார்த்தாள். புருஷன் டில்லிபாபுவின் போனிலும் பார்த்தாள்.

“இன்னா விஜி, என் போன எடுத்து நோண்டிகினு கீற. இன்னா சந்தேகம் உனுக்கு?”

“உன் மேல சந்தேகப்பட எனக்கு நேரம் ஏது? சைட்டு தொறக்குதான்னு பாத்தேன்.”

“தொறக்கலியா?”

“தொறக்கும்.”

“சின்னவ கைல காட்டேன். ஊட்டுலயே ஆளு கீது.”

விஜி போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

சின்னவள் கார்த்திகா. கொழுந்தன் கோகுல்நாத்தின் மனைவி. அவள் அப்பா படைத்துறை ஃபாக்டரியில் மெஷினிஸ்ட்; திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸிலேயே இருந்துவிட்ட குடும்பம். கல்யாணமாகி எட்டு மாசம். கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். அவள் மீட்டிங்கில் இருந்தால் கோவிந்தராஜ் டிவி சத்தத்தைக் குறைப்பார். கரண்ட் போனால் முதலில், “சின்னவ ரூமுக்கு லைன் கீதா பாரு” என்பார். விஜி வரி வரியாகக் காலண்டர் எழுதிய நாட்களில் அந்த டிவியில் சண்டைக் காட்சி முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதையெல்லாம்கூட விஜி விட்டுவிடுவாள். எட்டு மாசத்தில் இந்தப் பெண் ஒரு தடவையாவது மண்டபத்து சைட்டைத் திறந்து பார்த்தாளா? பார்த்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாளா? அதைத்தான் அவளால் விட முடியவில்லை.

நான்காம் நாள் கோவிந்தராஜ் நனைந்த குடையோடு ஆபீசுக்குள் வந்தார்.

“விஜிம்மா, நம்ம சைட்டு படுத்துகினு கீதாமே. திருமுல்லைவாயில்காரரு ஒருத்தரு போன் பண்ணி, மண்டபத்த வித்துட்டீங்களான்னு கேக்கறாரு.”

“பாத்துகினுதான் கீறேன் மாமா.”

“எத்தினி நாளா?”

“ரெண்டு நாளா” என்று குறைத்துச் சொன்னாள்.

“சின்னவள கேக்கறதுதானே? அவ வேலையே அதானே.”

“அவ வேலை வேற மாமா. அவ கம்பெனியில பேங்குக்கு இன்னாவோ பண்றா. இது வேற.”

“ரெண்டும் கம்ப்யூட்டர்தானேம்மா. தை முகூர்த்தத்துக்கு ஜனம் இப்பதான் தேடும். அவ சரி பண்ணிட்டான்னா இனிமே அவளே பாத்துக்கட்டும். உனுக்கும் ரெஸ்ட்டு.”

ரெஸ்ட்டு என்று அவர் பிரியமாகத்தான் சொன்னார். விஜிக்கு மேஜையையும் நாற்காலியையும் யாரோ அவளோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது.

*

சனிக்கிழமை கார்த்திகாவுக்கு லீவு. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்தாள்.

“அக்கா, சைட் லாகினும், சைட்டுக்கு இடம் குடுத்திருக்க ஹோஸ்டிங் கம்பெனி லாகினும் வேணும். பாஸ்வேர்டு சொல்லுங்க.”

“நீ திரும்பிக்க. நான் போட்டுத் தரேன்.”

“ரெண்டு மூணு தடவை கேக்கும்கா. ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிக்கிட்டு இருந்தா கழுத்து போயிரும்.”

டில்லிபாபு தோசையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான். விஜி நோட்டைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். கார்த்திகா எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தாள். இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு. விஜிமண்டபம், அதோடு ஒரு எண்.

“பாஸ்வேர்டு நல்லாருக்குக்கா” என்றாள். கிண்டலா, நிஜமா என்று விஜிக்குத் தெரியவில்லை. தெரியாததால் கிண்டல் என்றே எடுத்துக்கொண்டாள்.

“முதல்ல பேக்கப் எடுத்துக்கிடுதேன்.”

“நான் எடுத்து வெச்சிருக்கேன்” என்றாள் விஜி.

“எப்போ எடுத்ததுக்கா?”

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

கார்த்திகா தலையாட்டிவிட்டுப் புதிதாக எடுக்க ஆரம்பித்தாள். அந்தத் தலையாட்டல்தான் சுட்டது.

ஒரு மணி நேரம் திரையில் ஒரு கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. கோவிந்தராஜ் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை கேட்டேவிட்டார்.

“இன்னாம்மா, குந்திகினே கீற. அந்தக் கோடு மட்டும் ஓடுது.”

“சைட்டை முழுசா என் லேப்டாப்புல இறக்குதேன் மாமா. ஃபைலும், அதுக்குள்ள இருக்க தகவலும், ரெண்டும். நான் கை வெச்சு ஏதாவது தப்பாப் போச்சுன்னா இதே இடத்துக்குத் திரும்பி வந்துடலாம்லா.”

“கெணத்துல எறங்கறதுக்கு முன்னாடி இடுப்புல கவுறு கட்டிக்கிறா நைனா” என்றான் டில்லிபாபு.

“அப்பிடி சொல்லு.” கோவிந்தராஜ் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தார்.

விஜி அடுப்படிக்குப் போய் நல்ல டம்ளரில் காபி ஆற்றினாள். அந்த டம்ளரை எடுக்க அவளுக்கு மனசில்லை. வேறு டம்ளரில் கொடுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அதையே எடுத்தாள்.

திரும்பி வந்தபோது கார்த்திகா, சைட்டுக்கு வேறு முகவரியில் ஒரு நகல் செய்து முடித்திருந்தாள்.

“இதுல என்ன உடைஞ்சாலும் வெளிய யாருக்கும் தெரியாதுக்கா. இதுல சரி பண்ணிப் பாத்துட்டு, அப்புறமா நிஜ சைட்டுல பண்ணலாம். இப்ப ப்ளகின் இருக்க ஃபோல்டரோட பேரை மாத்துதேன். சைட்டுக்கு ஒரு ப்ளகினும் கண்ணுல படாது.”

பேரை மாற்றினாள். நகலைத் திறந்தாள். மண்டபத்தின் முகப்புப் படம், வாழைமரம், விஜி எடுத்த அதே போட்டோ, பளிச்சென்று வந்தது.

“வந்துட்சே” என்றார் கோவிந்தராஜ்.

விஜி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தனக்கு நான்கு நாள். இவளுக்குப் பேக்கப் போக, பதினோரு நிமிஷம்.

“இன்னும் முடியலை மாமா. எந்த ப்ளகின் கோளாறுன்னு ஒவ்வொண்ணாப் போட்டுப் பாக்கணும்.” ஒன்றைப் போட்டாள், பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அடுத்ததைப் போட்டாள், பார்த்தாள். ஒன்பதாவதாகக் காலண்டரைப் போட்டதும் வெள்ளைப் பக்கம் வந்து நின்றது.

“இதுதான்கா. ஹோஸ்டிங்காரங்க போன வாரம் சர்வர்ல இருக்க மென்பொருளைப் புதுசா மாத்தியிருக்காங்க. நம்ம காலண்டர் ஆறு வருஷத்துப் பழசு. அதுக்கு இது புரியலை. ஏன்கா அப்டேட்டே பண்ணாம வெச்சிருந்தீங்க?”

“பண்ணா ஏதாவது ஒடையும்னு.”

“என்ன ஒடையும்?”

இங்கே சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். அதுக்குள்ள நான் எழுதினது கீது, அது போயிடும். ஆனால் அதைச் சொன்னால், எங்கே எழுதினீங்க என்று அவள் கேட்பாள். ப்ளகினுக்குள்ளேயே என்று சொல்ல வேண்டும். வீடியோவில் அந்தப் பையன் சிரித்த சிரிப்பு, மாமனாருக்கும் புருஷனுக்கும் எதிரில், இந்தப் பெண்ணின் முகத்தில் வரும்.

“பொதுவா சொன்னேன்” என்றாள் விஜி.

கார்த்திகா முதலில் சைட்டை ஓட்டும் மென்பொருளைப் புதுப்பித்தாள். அப்புறம் ஒவ்வொரு ப்ளகினாக, ஒன்றை முடித்துவிட்டு நிறுத்தி, பக்கங்களைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்தது. காலண்டரைக் கடைசியாக வைத்தாள். மத்தியானம் சாம்பார் கொதிக்கும் நேரத்தில் லேப்டாப்பை விஜியின் பக்கம் திருப்பினாள்.

“அக்கா, இது நகல்தான். நீங்க ஒரு தடவை பூராவும் பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத்தானே தெரியும் எது எப்படி இருக்கணும்னு. நீங்க சரின்னு சொன்னா நிஜ சைட்டுல பண்ணிடுதேன்.”

விஜி கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலண்டரைத் திறந்தாள். தை மாதம் வெள்ளையாய் நின்றது. ஏற்கெனவே பதிவான நாட்கள் மட்டும் சிவப்பு. மஞ்சள் இல்லை, வெளிர் மஞ்சள் இல்லை, கருப்பு இல்லை. ஒவ்வொரு நாளும் வந்து அமுக்கு என்று திறந்து கிடந்தது.

இது தெரியவில்லை இவளுக்கு. எப்படித் தெரியும்? ஒரு நாளாவது பார்த்திருந்தால்தானே. பார்க்காதவள் சரி பண்ணுகிறாள், ஊரே கொண்டாடும். கொண்டாடட்டும். இரண்டு நாளில் மாமாவே கேட்பார், மஞ்சள் எங்கே என்று. அப்போது இந்த மேஜையில் யார் உட்காருவது என்று தெரிந்துவிடும்.

“எல்லாம் சரியாத்தான் கீது” என்றாள்.

“நிஜமாவாக்கா? காலண்டரைப் பாத்தீங்களா?”

“பாத்தேன். போட்டுடு.”

சாயங்காலம் கோவிந்தராஜ் மழையில் போய்ச் சூடாக ஜிலேபி வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரித்து முதல் ஜிலேபியைக் கார்த்திகாவிடம் நீட்டினார். மறுநாள் ஆபீசுக்கு வந்தவர் மானிட்டர் ஓரத்துக் காகிதத்தைப் பார்த்து, “இது இன்னாத்துக்கு இனிமே” என்று பிய்த்துக் கசக்கிக் கூடையில் போட்டார். விஜி கூடையைப் பார்க்காமல் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

*

இரண்டு நாள் என்று அவள் நினைத்தது சரியாக இருந்தது.

திங்கட்கிழமைகளில் கோவிந்தராஜ் சைட்டில் பதிவானதைக் கேட்டு நீள நோட்டில் தன் கையால் ஏற்றுவார். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் கார்த்திகா படிக்க, அவர் எழுதினார்.

“ஜனவரி இருபத்தஞ்சு, ஞாயிறு. கொரட்டூர் ஜமீலா டீச்சர். நிக்காஹ்.”

பேனா நின்றது. சுவரில் மாட்டிய காலண்டரின் பின் பக்கத்தைப் புரட்டினார். விரல் மடக்கினார்.

“தை பதினொண்ணு. கரிநாளு. யாரு குடுத்தது இத்த?”

“சைட்டுல அவங்களே போட்டிருக்காங்க மாமா. பதிவாயிடுச்சுன்னு அவங்களுக்கு மெசேஜும் போயிருச்சு. கரிநாள்னா?”

“கரிநாள்னாவா? மண்டபம் கட்டுன நாள்லேர்ந்து அன்னிக்குக் கதவு தொறந்தது கெடையாது. அந்த நாள அமுக்குனா தொறக்கவே கூடாதே. கருப்பா இருக்குமே. டில்லி, நீ பாத்துகீறல்ல?”

“கருப்பாத்தான் இருக்கும் நைனா.”

கார்த்திகா சனிக்கிழமை இறக்கி வைத்த பேக்கப்பைத் திறந்தாள். பழைய காலண்டர் ஃபைலை ஒரு பக்கமும் புதியதை ஒரு பக்கமும் வைத்தாள். பழைய ஃபைலில் வரிகள் ஓடின; தேதி, நிறம், தேதி, நிறம். நடு நடுவே, வருஷத்துக்கு ஒன்றாக, ‘விஜி, பங்குனி’ என்று ஒரு குறிப்பு. கார்த்திகா நிமிர்ந்து அடுப்படி வாசலில் நின்ற விஜியைப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லப் போகிறாள், அக்கா பாத்துட்டுச் சரின்னு சொன்னாங்க என்று. விஜி பதிலைத் தயார் பண்ணினாள். சின்ன ஸ்கிரீன், சரியாத் தெரியலை, சாம்பார் வேற அடுப்புல.

“என் தப்பு மாமா” என்றாள் கார்த்திகா. “அப்டேட் பண்ணும்போது இது போயிருக்கு. நான் பழைய சைட்டை ஒரு தடவைகூடத் தொறந்து பாத்ததில்ல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

எட்டு மாசமாக விஜி மனசில் வைத்திருந்த குற்றச்சாட்டு அது. அந்தப் பெண்ணே, எல்லாருக்கும் எதிரில், குரல் உயர்த்தாமல் சொல்லிவிட்டாள். அதிலும் அவளே நல்ல பேர் எடுத்துவிட்டாள் என்று விஜிக்கு எரிந்தது.

“போன போடு” என்றார் கோவிந்தராஜ். “ஸ்பீக்கர்ல போடு. தப்பு நடந்துட்சுன்னு சொல்லி வேற ஞாயிறு கேளு.”

கார்த்திகா பேசினாள். மறுமுனையில் ஜமீலா டீச்சர் முழுசாகக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“என்னம்மா நீங்க. மாப்ள வூட்டுக்குத் தேதி சொல்லியாச்சு. பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. பதிவாயிடுச்சுன்னு மெசேஜும் நீங்கதான் அனுப்புறீங்க, இல்லன்னும் நீங்கதான் சொல்றீங்க. விஜிம்மா எங்க? அவங்க பாத்த வரைக்கும் இந்த மாதிரி ஒண்ணு நடந்ததில்ல. அவங்க இருந்தா நடக்கவும் நடக்காது. அவங்ககிட்ட குடுங்க.”

“அது கரீட்டு” என்றார் கோவிந்தராஜ் மெதுவாக. “பெரியவ கை பெரியவ கைதான். விஜிம்மா, நீயே பாத்துக்கம்மா இனிமே.”

கேட்க ஆசைப்பட்டதெல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. வெளி ஆள் சொல்லி, மாமனார் ஒப்புக்கொண்டு, புருஷன் தலையாட்டி. கார்த்திகா போனை நீட்டினாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. விஜி போனை வாங்கினாள். ஸ்பீக்கரை அணைக்கப் போன விரலை எடுத்துக்கொண்டாள்.

“டீச்சர், விஜிதான் பேசறேன்.”

“சொல்லும்மா.”

“தப்பு அந்தப் பொண்ணுது இல்ல. போடறதுக்கு முன்னாடி என்னைப் பாக்கச் சொன்னா. நான் பாத்தேன். கருப்பு இல்லன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் சரின்னு சொன்னேன்.”

டில்லிபாபுவின் தலையாட்டல் நின்றது.

“ஏம்மா அப்படி?”

“வயித்தெரிச்சல் டீச்சர்.”

“யாரு அந்தப் பொண்ணு? ஓரகத்தியா?”

“ஆமா.”



“எனக்கு மூணு ஓரகத்தி” என்றார் ஜமீலா டீச்சர். “அது இருக்கட்டும். மண்டபம் உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்க.”

கோவிந்தராஜ் விஜியைப் பார்க்காமல் போன் பக்கம் குனிந்தார்.

“டீச்சரம்மா, உங்களுக்கு இந்தக் கரிநாளு கிரிநாளு கெடையாதுல்ல?”

“எங்களுக்கு எல்லா நாளும் அல்லாஹ்வோட நாள்தான் சார்.”

“அப்ப தொறந்து வுடறேன். அண்டாவ மறாநாளு தேச்சுக்கறோம்.”

போன் அடங்கியதும் அவர் நோட்டில் அந்த வரியை எழுதி முடித்தார். மூடியைப் பேனாவில் சொருகினார். அப்புறம்தான் பேசினார்.

“ஏம்மா விஜி, உன்ன யாரு இன்னா சொன்னது இந்த ஊட்டுல?”

“யாரும் ஒண்ணும் சொல்லல மாமா.” கொஞ்சம் பொறுத்து, “அதான்” என்றாள்.

அவருக்கு அது புரிந்ததா தெரியவில்லை. காதைச் சொறிந்தார்.

“சைட்டு சாவி இனிமே சின்னவகிட்ட. தேதி நீ சொல்லணும். நீ சொல்லாம ஒரு தேதி ஏறக்கூடாது. அவ பாக்காம ஒரு தேதி ஏறக்கூடாது. அவ்ளோதான்.”

“சரி மாமா” என்றாள் விஜி. நோட்டில் அந்தப் பாஸ்வேர்டு இருந்த பக்கத்தைக் கிழித்துக் கார்த்திகாவின் லேப்டாப் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

*

மறுநாள் கார்த்திகாவின் கம்பெனி வேலை முடிந்த பிறகு இரண்டு பேரும் அதே மேஜையில் உட்கார்ந்தார்கள்.

“உங்க தேதிகளை நான் காலண்டருக்குள்ள வைக்கலைக்கா. தனியா ஒரு சின்ன ப்ளகினா பண்ணிட்டேன். காலண்டர் எத்தனை தடவை அப்டேட் ஆனாலும் இதைத் தொடாது.”

“எத்தினி நேரம் ஆச்சு பண்ண?”

“நாப்பது நிமிஷம் இருக்கும். உங்க வரியெல்லாம் தயாரா இருந்துச்சுல்லா, அதனால.”

முதல் தடவை விஜிக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

“ப்ளகினுக்குள்ள நேரா எழுதறவங்க முட்டாளுன்னு வீடியோல சொன்னான்” என்றாள்.

“யாரு? நானும் காலேஜ் புராஜெக்டுல அப்படித்தான் எழுதினேன். அப்டேட் பண்ணேன், எல்லாம் போச்சு. சமர்ப்பிக்கிற அன்னிக்கு.”

“அப்புறம்?”

“அழுதேன்.”

விஜிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பஞ்சாங்கத்தைப் பிரித்தாள்.

“நீங்க கரிநாள் படிங்க. நான் திரையில ஒண்ணொண்ணா ஒப்பிட்டுக்கிடுதேன். இந்தத் தடவை நகல்ல நானும் பாப்பேன்.”

நானும் என்பதில் ஒரு முள் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

“தை ஒண்ணு, ரெண்டு, மூணு.”

“இருக்கு.”

“பதினொண்ணு.”

“இருக்கு. டீச்சருக்காக இந்த வருஷம் மட்டும் அது சிவப்பு.”

கார்த்திகா விசைகளைப் பார்க்காமலே அடித்தாள். கண் திரையில் இருந்தது, விரல்கள் தாமாக ஓடின. நகம் வெட்டிய, கறை படியாத விரல்கள். விஜி அடுத்த வரியைப் பார்த்தாள். பதினேழு. பதினெட்டு என்று சொன்னால் இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? பஞ்சாங்கம் படிக்கத் தெரியாதவள். பழைய ஃபைலில் நான்தான் தப்பாக எழுதிவிட்டேன், திருத்து என்றால் திருத்திவிடுவாள். நாக்கு நுனி வரை அது வந்தது.

“அக்கா?”

“பதினேழு” என்றாள் விஜி. “ஜனவரி முப்பத்தொண்ணு. சனிக்கிழமை.”

“இருக்கு. அக்கா, ப்ளகின் எழுதினவங்க பேருன்னு ஒரு இடம் இருக்கு. உங்க பேரைப் போட்டிருக்கேன்.”

திரையில் பட்டியலின் கடைசியில் விஜி என்று இருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“உன் பேரும் போடு.”

“எதுக்குக்கா?”

“நாளைக்கு ஒடைஞ்சா என்னை மட்டும் கேப்பாங்க.”

கார்த்திகா சிரித்துக்கொண்டே அடித்தாள். கூடத்தில் கோவிந்தராஜ் ரிமோட்டை எடுப்பது தெரிந்தது. டிவி சத்தம் குறைந்தது. யாருக்காகக் குறைத்தார் என்று விஜி எட்டிப் பார்த்தாள். அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

“மாசிக்கா” என்றாள் கார்த்திகா.

“இரு. பக்கம் திருப்பிக்கறேன்.”